ஸ்டீரியோவில் பதிவான பொய்

பொய்யே சொல்லாதவன் என்று என்னைப் பற்றி நானே சொல்லிக்கொண்டால் அதுவும் ஒரு பொய்யாகத்தான் இருக்கும். எல்லோரையும் போல நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இடது பக்கம் ஒரு மைக், வலது பக்கம் ஒரு மைக் என்று வைத்து, துல்லியமாக ஸ்டீரியோவில் பதிவான பொய் ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னவனும் நான், பதிவு செய்தவனும் நான். பிறகு அதை நான்கு ஏக்கருக்குக் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டு, "எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாம இருங்க" என்று கேட்டுக்கொண்டவனும் நானேதான்.

எனக்கு ராக் இசைப் பைத்தியம். பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை. பகல் முழுக்க மோட்டார் சத்தம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கிடார் சத்தம். என் வீட்டாருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒருநாள் நான் உயிராக நினைக்கிற ஒரு கிடார் வாசிப்பை உரக்க வைத்துக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தபோது அம்மா கதவைத் தட்டி, "கண்ணு, மோட்டாருல காத்துப் புடிச்சிருச்சாட்ட இருக்குது, ஓடிப்போய் நிறுத்து" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த இசைக்குப் பெயர் 'கிரைண்டர்'. (தங்கை சுதா இன்னும் கொஞ்சம் விளக்கமாக, 'கல்லு தேஞ்ச கிரைண்டர்' என்பாள்.)

என் பைத்தியத்தில் ஒரு தனிப் பிரிவு உண்டு. ஸ்டுடியோவில் பதிவான பாட்டு எனக்கு இரண்டாம் பட்சம். அது தலை வாரி, பவுடர் போட்டு எடுத்த போட்டோ. மேடையில் வாசிக்கும்போது பதிவானதுதான் பாட்டு. பாடகர் ஒரு வரியை மறந்து அசடு வழிவார், டிரம்ஸ்காரர் கோலைத் தவறவிடுவார், கூட்டத்தில் எவனோ தும்முவான். அந்தத் தும்மலோடு சேர்த்துத்தான் எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கும். அதனால் கச்சேரிக்குப் போகும்போதெல்லாம் சட்டைப்பையில் கைக்கு அடக்கமான ஒரு ரெக்கார்டரைக் கொண்டுபோவேன். காலருக்கு இரண்டு பக்கமும் சின்ன மைக் ஒன்றொன்று.

இந்தத் தொழிலுக்குச் சில விரதங்கள் உண்டு. கைதட்டக் கூடாது. கூடப் பாடக் கூடாது. இருமல் வந்தால் விழுங்க வேண்டும். முக்கியமாக, வாயே திறக்கக் கூடாது. சுற்றிலும் ஆயிரக்கணக்கான பேர் கூத்தாடிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் கருமாதிக்கு வந்தவன் மாதிரி அசையாமல் நிற்பேன். அதுதான் என் பக்தி.

அந்த வருடம் என் இசைக்குழு இந்தியாவுக்கு வந்தது. (பெயரைச் சொல்ல மாட்டேன். ஏன் என்று கடைசியில் உங்களுக்கே தெரியும்.) நான்கு கிழவர்கள். இதுதான் கடைசிச் சுற்றுப்பயணம் என்று அறிவித்துவிட்டார்கள். பெங்களூரில் ஒரு சனிக்கிழமை, திறந்தவெளியில். ஐந்து மாதம் முன்பே டிக்கெட் வாங்கி, தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன். (டிக்கெட் போனில்தான் இருந்தது. போனைத்தான் தலையணைக்கு அடியில் வைத்தேன்.)

இந்த ஐந்து மாதத்துக்குள் சுதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

கல்யாணம் என்றால் எங்கள் பக்கம் தாய்மாமன் வந்து பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். அம்மாவுக்கு ஒரே அண்ணன். தொண்டாமுத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் தோட்டம், தென்னையும் தக்காளியும். அந்த மாமாவும் அப்பாவும் பேசிக்கொள்ளாமல் ஆறு வருடம் ஆகியிருந்தது. காரணம் ஒரு போட்டோ. பீளமேட்டில் நாங்கள் வீடு கட்டிக் குடிபுகுந்த அன்று குடும்பத்தோடு எடுத்த படத்துக்கு மாமாவைக் கூப்பிடவில்லை. மாமா பந்தியில் இலை போட்டுப் பரிமாறிவிட்டு வந்து பார்த்தால், போட்டோக்காரர் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். மாமா துண்டைத் தோளில் போட்டார், அத்தையைக் கூட்டிக்கொண்டார், போய்விட்டார். எங்கள் கூடத்தில் அந்தப் படத்துக்கென்று அடித்த ஆணியில் அம்மா காலண்டரை மாட்டிவைத்தார். படம் எங்கே என்று நான் கேட்டதில்லை.

ஆகவே மாமாவுக்குப் பத்திரிக்கை வைப்பது சாதாரண வேலை இல்லை. நேரில் போய், வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் போனில்கூடப் பேசிவிடக் கூடாது. பேசினால், 'போன்ல கூப்புட்டாங்க' என்று ஆகிவிடும். அதற்குக் கூப்பிடாமலே இருக்கலாம். முறைப்படி அப்பாவும் அம்மாவும்தான் போயிருக்க வேண்டும். அப்பா யோசித்து யோசித்து என்னைத் தேர்ந்தெடுத்தார்.

"தம்பி, நீ மொதல்ல போய் வெச்சுப்போட்டு வா. மாமா மூஞ்சி எப்பிடி இருக்குதுன்னு பாரு. பாத்துச் சொன்னீன்னா அப்பறம் நானும் அம்மாவும் போறோம். நானே மொதல்ல போனா அது மன்னிப்புக் கேக்கப் போனாப்பல ஆயிரும்."

"சரிங்கப்பா. என்னைக்குங்க?"

"சனிக்கெழமை. வெச்சுப்போட்டு, மாமாவையே கூட்டீட்டு அந்தப் பக்கத்து சொந்தக்காரங்களுக்கெல்லாம் வெச்சுரு. பொழுதுக்கும் ஆகும்."

கச்சேரியும் அதே சனிக்கிழமைதான். "ஞாயித்துக்கெழமை போகட்டுங்களா?"

"ஞாயித்துக்கெழமை கரிநாளு" என்றார் அப்பா. காலண்டர் பார்க்காமல் ஷேவிங்கூடச் செய்யாதவர் அவர். கரிநாளில் நல்ல காரியம் தொடங்குவதைப் பற்றி அவரிடம் வாதாட முடியாது.

அம்மா பட்டுப்பை ஒன்றில் பத்திரிக்கை, வெற்றிலை, பாக்கு, எலுமிச்சம்பழம் எல்லாம் வைத்து என்னிடம் கொடுத்தார். கொடுக்கும்போது, "அண்ணன் வந்துருமில்ல கண்ணு?" என்று கேட்டார். மனிதனாகப் பிறந்தவன் அந்த இடத்திலேயே டிக்கெட்டை அழித்திருப்பான். நான் "வந்துருவாருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை விடிகாலையில் பட்டுப்பையோடு பெங்களூர் ரயில் ஏறினேன்.

திட்டம் எளிமையானது. சனிக்கிழமை கச்சேரி. ஞாயிறு காலை பஸ்ஸில் திரும்பி, நேரே தொண்டாமுத்தூர். கரிநாளானால் என்ன, மாமாவிடம் காலண்டர் இருக்காது என்று நம்பினேன். (அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அந்த வயதில் மூளை இருக்கும், இணைப்புதான் கொடுத்திருக்க மாட்டார்கள்.)

என்னோடு வந்தவன் ஸ்டீபன். அதே கம்பெனி, பக்கத்து மேஜை. சிங்காநல்லூர்க்காரன். ராக் இசையில் பெரிய ஈடுபாடு இல்லை, கூட்டம் பிடிக்கும் என்று வந்தான். ஆபீஸ் ஆண்டு விழாவில் பலகுரல் நிகழ்ச்சி நடத்துகிறவன் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

கிழவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேடைக்கு வந்தார்கள். எப்படி வாசித்தார்கள் என்று எழுத எனக்குத் தமிழ் போதாது. முதல் பாட்டிலேயே எனக்குக் கண்ணில் தண்ணீர். விரதப்படி துடைக்கவில்லை. துடைத்தால் சட்டை உரசும் சத்தம் பதிவாகிவிடும். நாற்பது நிமிடம் கல்லாக நின்றேன். அடுத்ததாக, அவர்கள் மேடையில் அபூர்வமாக மட்டுமே வாசிக்கும் அந்த மென்மையான பாட்டு வந்தது. ஒற்றைக் கிடார், பின்னால் மெல்ல டிரம்ஸ். கூட்டம் முழுக்க அடங்கியது.

என் தொடையில் போன் அதிர்ந்தது. அப்பா.

எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. ஆறாவது தடவையில் எனக்கு உறைத்தது. நான் பத்திரிக்கை வைத்துவிட்டதாக அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். எனவே இனி மாமாவுக்குப் போன் செய்ய அவருக்குத் தடையே இல்லை. நான் எடுக்காவிட்டால் அடுத்த அழைப்பு மாமாவுக்குத்தான்.

எடுத்தேன். கேட்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டு, மார்புக்கு அருகில் வைத்துக்கொண்டு குனிந்தேன். காலர் மைக்குக்கும் போனுக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்திருக்கும்.

"தம்பி, வெச்சாச்சா?"

"வெச்சாச்சுங்கப்பா. மாமா ஊட்டுலதானுங்க இருக்கேன்."

"என்ன சத்தம் அது?"

"மோட்டார் ஓடுதுங்க. மாமா தண்ணி கட்டறாருங்க."

அந்த நேரம் பார்த்துக் கூட்டம் பாட்டோடு சேர்ந்து பாடத் தொடங்கியது.

"கூட்டமாட்டக் கேக்குது?"

"பக்கத்துல மாரியம்மன் கோயில் நோம்பிங்க."

"மாமா மூஞ்சி எப்பிடி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க. அத்தை ஒப்பட்டு சுட்டுப் போட்டாங்க. ராத்திரி தங்கீட்டுப் போன்னு சொல்றாங்க."

"மாமாகிட்டக் குடு" என்றார் அப்பா.

நான் ஸ்டீபனைப் பார்த்தேன். ஸ்டீபன் என்னைப் பார்த்தான். மேடையில் கிடார் தனி ஆவர்த்தனம் தொடங்கியது. வாழ்க்கையில் இனி ஒரு தடவை நேரில் கேட்கக் கிடைக்காத வாசிப்பு. என் தோளை ஒட்டி நின்ற ஸ்டீபன் கையில் போனைத் திணித்து, "மாமா மாதிரிப் பேசுடா" என்று மட்டும் சொன்னேன்.

அவன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "ஏனுங்க மச்சான், சௌக்கியமுங்களா?" என்று ஆரம்பித்தான். அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. என் காது இரண்டும் மேடையில் இருந்தன. அப்பா பேசிக்கொண்டிருந்தார், ஸ்டீபன் "ஆமாங்க, ஆமாங்க" என்று இழுத்துக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்து கூட்டம் ஆர்ப்பரித்தபோது போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"உங்கப்பா என்னமோ ரொம்ப நேரம் பேசுனாருடா. பாதி கேக்கல. எல்லாத்துக்கும் 'பழசெல்லாம் எதுக்குங்க மச்சான்'ன்னு சொல்லி வெச்சேன். அழுகறாராட்ட இருந்துச்சு."

"வேற என்ன சொன்னாரு?"

"நாளைக்குக் காலைல அம்மாவைக் கூட்டீட்டுத் தோட்டத்துக்கு வர்றாங்களாம்."

"நாளைக்குக் கரிநாளுடா!"

"நானும் கேட்டேன். கரிநாளாவது ஒண்ணாவதுன்னுட்டாரு."

மீதிக் கச்சேரி எனக்கு நினைவில்லை. பதிவில் இருக்கிறது, பிற்பாடு கேட்டுக்கொண்டேன்.

ஞாயிறு காலை காந்திபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி ஏழு. பெட்ரோல் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் ஸ்டீபனின் பைக்கை எடுத்துக்கொண்டு தொண்டாமுத்தூருக்குப் பறந்தேன். அப்பா, அம்மா வருவதற்குள் மாமா கையில் பத்திரிக்கையைக் கொடுத்து, காலில் விழுந்து, நடந்ததைச் சொல்லி, 'நேத்தே வந்தான்னு சொல்லுங்க மாமா' என்று கெஞ்ச வேண்டும். பத்து நிமிடம் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

பதினைந்து நிமிடம் கிடைத்தது. ஆனால் எங்கள் ஊர் மரியாதையைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

"வா கண்ணு, வா வா" என்றார் மாமா. ஆறு வருடத்தில் மீசை மட்டும் நரைத்திருந்தது. "மாமா, ஒரு விசயமுங்க..." என்றேன். "மொதல்ல உக்காரு." உட்கார்ந்தேன். "மாமா, வந்துங்க..." "காப்பி குடிச்சுப்போட்டுப் பேசலாம்." காபி வந்தது. "மாமா..." "அட, ரெண்டு இட்லி சாப்புடு கண்ணு. விசயம் எங்க ஓடிப்போகுது?" அத்தை நான்கு இட்லி வைத்தார். அதில் மூன்றாவதை விழுங்கும்போது வாசலில் எங்கள் கார் ஹாரன் கேட்டது.

அம்மா இறங்கினார். மாமாவைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். "வா அம்மணி" என்றார் மாமா, குரல் உடைந்து. பின்னால் அப்பா, கையில் பழத்தட்டோடு. மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "வாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னார். இரண்டு பேரும் கயிற்றுக் கட்டிலில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்து தக்காளி விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

நான் தட்டில் மிச்சமிருந்த இட்லியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா தொண்டையைச் செருமினார். "நேத்து நீங்க பேசுனதுல மனசு ரொம்ப லேசாயிருச்சுங்க மாப்ள."

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. முகத்தில் தெரிந்தது. ஆனால் ஆறு வருடம் கழித்து வீட்டுக்கு வந்திருக்கிற மச்சானிடம், 'நான் எங்கீங்க பேசுனேன்?' என்று எப்படிக் கேட்பது? வந்தவரை மறுத்துப் பேசுவது மாமாவின் பரம்பரையில் கிடையாது. "அதுக்கென்னங்க மச்சான்" என்றார்.

"பையன் ராத்திரி உங்களுக்குத் தொந்தரவு குடுத்திருப்பான்."

மாமா என்னைப் பார்த்தார். "தொந்தரவெல்லாம் இல்லீங்க" என்றார்.

"அக்கா ஒப்பட்டெல்லாம் சுட்டாங்களாம்."

அத்தை சமையலறை வாசலில் நின்று, "இருக்கட்டுங்க, அதனாலென்ன" என்றார். நடக்காத பேச்சுக்கும் சுடாத ஒப்பட்டுக்கும் மரியாதை மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்த இரண்டு குடும்பமும் இப்படியே மரியாதையாக இருந்தால் கல்யாணம் முடியும் வரை, ஏன், என் ஆயுள் முடியும் வரை, உண்மை வெளியே வராது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வாயை மூடிக்கொண்டிருப்பது என் விரதமும்கூட.

அப்போதுதான் மயில்கள் வந்தன.

தக்காளிக் காட்டில் பத்துப் பன்னிரண்டு மயில். பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் "ஊய், ஊய்" என்று விரட்டினார்கள், ஒன்றும் நகரவில்லை. மாமா தலையில் அடித்துக்கொண்டார். பம்பு ரூம் கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார். பழைய சவுண்டு சர்வீஸ்காரரிடம் வாங்கியது. "புலி உறுமற சத்தம் போட்டேன், நாலு நாளைக்கு ஓடுச்சு. இப்ப புலி உறுமுனாப் பக்கத்துலயே உக்காந்து திங்குது."

அம்மாவுக்கு அன்று சந்தோஷத்தில் விளையாட்டுப் புத்தி வந்திருந்தது. "அண்ணா, இவன்கிட்ட ஒரு கிரைண்டர் பாட்டு இருக்குது. அதுக்கு யானையே நிக்காது" என்றார்.

"அப்பிடியா? போடு கண்ணு" என்றார் மாமா.

வாசகர்களே, இந்த இடத்தில் என்னைப் புரிந்துகொள்ளுங்கள். என் வாழ்க்கையில் என் குடும்பத்தில் ஒருவர், 'உன் பாட்டைப் போடு' என்று கேட்டது அதுதான் முதல் தடவை. மயிலுக்காகக் கேட்டாலும் கேட்டது கேட்டதுதான். பையில் நேற்றைய பதிவு, சூடு ஆறாமல் இருக்கிறது. பொய், போன், ஸ்டீபன் எல்லாம் மறந்துபோய்விட்டது. ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு ஓடி, ஆம்ப்ளிபயரில் ஒயரைச் செருகி, மென்மையான பாட்டுக்கு முந்தின பாட்டிலிருந்து தட்டிவிட்டேன்.

கிடார் வெடித்தது. மயில் பூராவும் ஒரே நேரத்தில் எழும்பித் தென்னை மரத்துக்குப் போயின. பெண்கள் கைதட்டினார்கள். மாமா, "அட சாமி!" என்று எழுந்தே விட்டார். அப்பாகூடப் பெருமையாக என்னைப் பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "மாமா, இதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க. இதுக்கு அடுத்த பாட்டுத்தான் கேக்கோணும். எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாம இருங்க" என்று சொல்லி, பாட்டு மென்மையானது என்பதால் சத்தத்தை முழுவதுமாகத் திருகி வைத்தேன்.

ஒற்றைக் கிடார் தோட்டத்தில் மிதந்தது. தென்னந்தோப்பு வரை அமைதி. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வெச்சாச்சுங்கப்பா" என்றது மலையடிவாரம். "மாமா ஊட்டுலதானுங்க இருக்கேன்."

ஆம்ப்ளிபயருக்குப் பாய்ந்தேன். பாய்ந்த வேகத்தில் ஒயரில் கால் மாட்டி வாய்க்காலில் விழுந்தேன். ஒயர் மட்டும் கழலவில்லை. மோட்டார் ஓடியது, மாரியம்மன் கோயில் நோம்பி நடந்தது, அத்தை ஒப்பட்டு சுட்டார். பழம் பறித்த பெண்களில் ஒருவர், "ஏனுங்க, இது நம்ம தம்பி கொரலாட்ட இருக்குதுங்களே" என்று சரியாகக் கண்டுபிடித்தார்.

அடுத்து, "ஏனுங்க மச்சான், சௌக்கியமுங்களா?"

மாமா திடுக்கிட்டார். "யாரு இது?"

நான் வாய்க்காலிலிருந்து, "நீங்கதானுங்க மாமா" என்றேன்.

"நான் இப்பிடியா இழுத்து இழுத்துப் பேசறேன்?"

"அப்பிடியேதானுங்க" என்றார் அத்தை.

ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். எழுந்தும் விட்டேன். ஆனால் அதற்குள் அப்பாவின் குரல் வந்துவிட்டது. நேற்று மேடையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நான் கேட்காத குரல். காலர் மைக்குக்குப் பக்கத்திலேயே இருந்த போன் ஸ்பீக்கரிலிருந்து கரகரப்பாக, ஆனால் ஒரு வார்த்தை விடாமல் பதிவாகியிருந்தது.

"மாப்ள, ஒண்ணு சொல்லோணுமுங்க. ஆறு வருசமாத் தொண்டையிலயே நிக்குது. அன்னைக்குப் போட்டோ எடுக்கறப்ப நீங்க பந்தியில பரிமாறீட்டு இருந்ததை நான் பாத்தேனுங்க. பாத்துப்போட்டுத்தான் கூப்புடாம உட்டேன். அப்பறம் ஒண்ணு எடுத்துக்கலாமுன்னு நெனச்சேன். என்ற ஊட்டு வேலைய உங்க ஊட்டு வேலையாட்டப் பாத்த மனுசனை உட்டுப்போட்டுப் போட்டோ எடுத்தது என்ற தப்புத்தானுங்க. அந்தப் போட்டோவை நான் இன்னும் மாட்டலீங்க. பரண் மேலதான் கெடக்குது."

"பழசெல்லாம் எதுக்குங்க மச்சான்" என்றான் ஸ்டீபன்.

"நீங்க வந்து புள்ளைக்குப் பட்டம் கட்டோணும். இல்லாட்டி எனக்கு அந்தக் கல்யாணம் கல்யாணமே இல்லீங்க."

பாட்டு முடிந்தது. பெங்களூரில் திரண்டிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கைதட்டி, விசில் அடித்து, ஆர்ப்பரித்தார்கள். தக்காளிக் காட்டின் மேல் அந்தக் கைதட்டல் வெகுநேரம் ஓயவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் காது சிவந்திருந்தது. முகத்துக்கு முகம் பார்த்து ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டார். போனில், அதுவும் ஆள் மாறி, சொல்லிவிட்டார்.

நான் ஒயரைப் பிடுங்கினேன். அடி விழும் என்று காத்திருந்தேன்.

மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். "அந்தப் போட்டோவ இன்னும் மாட்டவே இல்லீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றார் அப்பா.

"ஆறு வருசமா?"

"ஆமாங்க."

கட்டிலில் இருவருக்கும் நடுவே இருந்த இடத்தை மாமா கொஞ்சம் குறைத்து உட்கார்ந்தார். அம்மா அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் அழுகை வந்தது. இந்தத் தடவை துடைத்துக்கொண்டேன்.

பிறகு மாமா என் பக்கம் திரும்பினார். "ஏங்கண்ணு, பத்திரிக்கை எங்க?"

பட்டுப்பையிலிருந்து எடுத்தேன். மஞ்சள் தடவிய மூலையில் மடிப்பு விழுந்திருந்தது. கச்சேரியில் கையில் கட்டிய காகித வளையம் அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா வாங்கி, வளையத்தைப் பிய்த்து என் கையில் கொடுத்துவிட்டு, பத்திரிக்கையைத் தட்டில் வைத்தார். நீட்டப் போனவர் நிறுத்தினார். "இன்னைக்குக் கரிநாளுங்களே மாப்ள" என்றார்.

மாமா தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "அதனாலென்னங்க மச்சான். நேத்தே வெச்சதா இருக்கட்டுங்க. பையன்தான் அப்பவே சொல்லிப்போட்டானே."

அந்த நிமிடத்தில் என் பொய் உண்மையாகிவிட்டது. அன்று என் நெஞ்சிலிருந்து இறங்கிய பாரத்தை அந்தத் தோட்டத்தில் வைத்திருந்தால் தக்காளிச் செடி நசுங்கியிருக்கும்.

தண்டனை இல்லாமல் இல்லை. மீதிப் பத்திரிக்கை முழுவதையும் வெள்ளகோவில் வரை நானே பைக்கில் போய் வைத்தேன். ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டுக்காரர் கையில் பத்திரிக்கையோடு நிற்பதைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. ஒரு பெரியவர், "எதுக்கு தம்பி, போலீஸ்ல குடுக்கவா?" என்று கேட்டார்.

மாமா முந்தின நாளே கல்யாணத்துக்கு வந்துவிட்டார். வந்ததும் கேட்டது, "என்னையாட்டப் பேசுன ஆளு எங்க?" ஸ்டீபன் சமையல் கூடத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். மாமா அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பந்தியில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். பட்டம் கட்டி முடித்து, போட்டோ எடுக்கும்போது அப்பா மேடையிலிருந்து, "ரெண்டு மாமனும் வாங்க" என்று கூப்பிட்டார். எங்கள் கூடத்து ஆணியில் இப்போது அந்தப் படம்தான் மாட்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் ஓரத்தில் கோட்டுப் போட்டு நிற்கிற பையன் யார் என்று கேட்டால், அம்மா, "அவரு போன் மாமாங்க" என்பார்.

அந்தக் குழுவின் பெங்களூர்க் கச்சேரியின் முழுமையான பதிவு உலகத்தில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. எங்கெங்கோ இருக்கிற ரசிகர்கள் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா பேசுகிற இடத்தை வெட்டிவிட்டு அவர்களுக்குக் கொடுத்திருக்கலாம். வெட்ட மனம் வரவில்லை. (பெயரைச் சொன்னால் பதிவைக் கேட்டு வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார்கள். சொல்லாததன் காரணம் இதுதான்.) நகல் ஒன்று மாமாவிடம் இருக்கிறது. கிடாருக்கு மயில்கள் பழகிவிட்டன என்றும், 'மாமா தண்ணி கட்டறாருங்க' என்று என் குரல் வரும்போது மட்டும்தான் பறக்கின்றன என்றும் அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இத்தனை வருடம் ஆகியும் எனக்கு ஒன்றிலிருந்து மட்டும் விடுதலை இல்லை. அப்பா போன் செய்வார். "எங்க இருக்கற தம்பி?" என்பார். நான் சத்தியமாகப் பீளமேட்டு ஆபீசில், என் மேஜையில், என் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன்.

"ஆபீஸ்லதானுங்கப்பா."

"அப்பிடியா? சரி, மாமாகிட்டக் குடு" என்பார்.

பக்கத்து மேஜையிலிருந்து ஸ்டீபன் தலையைக்கூட நிமிர்த்தாமல் கையை நீட்டி வாங்குவான். "ஏனுங்க மச்சான், சௌக்கியமுங்களா?"